ஆவணிக்குள் பிளேட் போட வேண்டும்: திருநெல்வேலி மாணவர் வீட்டுக்கு இன்னும் 23 இலட்சத்து 40 ஆயிரம் தேவை

உள்ளூரிலும் புலம்பெயர்ந்தும் வாழும் நெடுந்தீவு உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறோம். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற வீட்டின் மேல்மாடி, சுவர் எழும்பி பீம் மட்டத்தோடு நிற்கிறது. அதற்கு மேலே பிளேட், அதாவது கொங்கிறீற் கூரைத் தட்டு, போடக் காசு இல்லை. ஆவணி முடிவதற்குள் பிளேட்டைப் போட்டால்தான் தண்ணி கட்டி ஊறவிட்டு, பலகை கழற்றி, ஐப்பசி மழைக்கு முன் கூரையை நம்பலாம் என்று மேசன் சொல்லிவிட்டார். பிந்தினால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார், நாங்கள் தை மாதம் வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். திறந்து கிடக்கிற கம்பி ஒரு மாரிக்கு நனைந்தால் என்னவாகும் என்பது வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும்.

இந்த வீட்டின் கதை தெரியாத இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெரிந்த பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அல்லது பெருமையோடு இன்னொரு தடவை வாசியுங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில், 1974 ஐப்பசியில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. நாங்கள் கம்பஸ் என்கிற இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அதுதான். பேராசிரியர் கைலாசபதி முதல் தலைவர். அதே வருடம் தைமாதம்தான் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடும் யாழ்ப்பாணத்தில் நடந்தது. அந்த மாநாடுகளை 1966 இல் கோலாலம்பூரில் தொடக்கிவைத்த தனிநாயகம் அடிகளின் தந்தைவழி ஊர் எங்களுடையது என்பதை நாங்கள் மேடைக்கு மேடை சொல்லிக்கொள்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காலத்து ஊர்ப் பெரியவர்கள் மேடையில் சொல்லிவிட்டு இறங்கிப் போகவில்லை. கம்பஸுக்கு எடுபட்ட முதற் பிள்ளைகள் தெரிந்தவர் வீட்டு விறாந்தையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ஒடியலும் பனங்கட்டியும் கருவாடும் விற்ற காசில் வீட்டுக்கு வீடு தண்டி, திருநெல்வேலியில் 2 பரப்புக் காணியும் அதிலிருந்த பழைய ஓட்டு வீட்டையும் வாங்கிவிட்டார்கள். அப்போது அவர்களில் பலர் கம்பஸ் வாசலைக் கண்டதே இல்லை.

1985 வைகாசி 15 இல் குமுதினிப் படகில் எங்கள் சனத்தை வெட்டிக் கொன்ற பிறகு, பிள்ளையைப் படகில் ஏற்றி அனுப்பவே தாய்மார் நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. அப்போதும் இந்த வீட்டில் விளக்கு எரிந்தது. 1995 ஐப்பசி 30 இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோதுதான் வீடு முதன்முதலாகப் பூட்டப்பட்டது. திரும்பி வந்தபோது கதவுமில்லை, யன்னலுமில்லை, கூரை மரத்தில் பாதியுமில்லை. கிணறு மட்டும் அப்படியே இருந்தது. அந்த நிலையிலிருந்தும் எழுப்பி விட்டார்கள்.

இன்று அந்த வீட்டின் இரண்டு அறைகளில் பெடியன்கள் நெருக்கிக்கொண்டு இருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு இடமே இல்லை. கம்பஸுக்கு இப்போது பெண் பிள்ளைகள்தான் கூடுதலாக எடுபடுகிறார்கள், அவர்களுக்கு ஊர் ஒரு கட்டிலைக்கூடக் கொடுக்கவில்லை என்றால் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. மேல்மாடி அவர்களுக்குத்தான். வெளிப்படி தனியாக, மலசலகூடம் தனியாக, நாலு அறை.

“பல்கலைக்கழக விடுதி இருக்கிறதே?” என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கிறது. எல்லா வருடமும் எல்லோருக்கும் அங்கே இடம் கிடைப்பதில்லை. இடம் கிடைக்காத வருடங்களில் வெளியே அறை தேட வேண்டும். கம்பஸைச் சுற்றி ஒரு அறையை மூன்று பேர் பங்கு போட்டாலும் ஆளுக்கு 7,000, 8,000 ரூபாய் கேட்கிறார்கள், முற்பணம் வேறு. மகாபொல என்கிற மாதப் புலமைப்பரிசில் காசு 2025 இல்தான் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. அந்தக் காசு அப்படியே வாடகைக்குச் சரி. மத்தியானப் பார்சல், போட்டோ கொப்பி, டேட்டா, பஸ் காசு எல்லாம் எங்கிருந்து வரும்? தொழிலுக்குப் போகிற தகப்பனிடமிருந்துதான், கடல் கொடுத்தால்.

மற்ற ஊர்ப் பிள்ளைகள் காலையில் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து விரிவுரைக்கு இருந்துவிட்டுப் பின்னேரம் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நெடுந்தீவுப் பிள்ளைக்கு அது நடக்கிற காரியமா? வீட்டிலிருந்து துறைமுகம், அங்கிருந்து குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலப் படகு, பிறகு 776 பஸ்ஸில் புங்குடுதீவும் வேலணையும் தாண்டி யாழ்ப்பாணம், பிறகு திருநெல்வேலிக்கு இன்னொரு பஸ். திங்கட்கிழமைக் காலைப் படகில் வந்தால் எட்டு மணி விரிவுரை போய்விடும். அதனால் ஞாயிற்றுக்கிழமையே வர வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசிப் படகைப் பிடிக்க முடியாவிட்டால் போகவே தேவையில்லை. சோழகக் காற்றுப் பெயர்ந்து கடல் கொந்தளித்தால் படகும் இல்லை. சோதனைக் காலத்தில் காற்று எழும்பினால் ஊரில் அகப்பட்ட பிள்ளையின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்தில் தலைக்கு மேல் ஒரு கூரை என்பது வசதிக்காகக் கேட்கிற பொருள் இல்லை.

போன மாரியில் செயற்குழுவிலிருந்து இரண்டு பேர் இரவில் போய்ப் பார்த்தோம். முன்னறையில் ஓடு ஒழுகுகிற இடத்துக்கு நேரே வாளி, அது நிரம்பினால் ஊற்றுவதற்கு ஆள் முறை போட்டிருக்கிறார்கள். புத்தகங்களை உரப்பைக்குள் போட்டு மேசைக்கு மேலே கட்டியிருந்தார்கள். ஊர்ப் பெடியன்கள் நாலு பேருக்கு ஒரு லப்டொப், அதையும் சாரத்தால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒருவன் அசைன்மென்ட் அடித்துக்கொண்டிருந்தான், இன்னொருவன் பக்கத்திலிருந்து எழுத்துப்பிழை சொல்கிறான். குசினியில் ஞாயிறு படகில் வந்த கருவாட்டுப் பார்சல், ஒரு சுண்டு ஒடியல் மா, யாரோ ஒரு தாய் தயிர் போட்டுக் கொடுத்த ஹோர்லிக்ஸ் போத்தல். எங்களுக்கும் சோறு போட்டார்கள், வேண்டாமென்றால் விடமாட்டேன் என்கிறார்கள். முதலாம் வருடப் பெடியன் ஒருவனிடம் இங்கே வந்து என்ன பிடித்தது என்று கேட்டால், கிணற்றுத் தண்ணி என்கிறான். ஊரில் நல்ல தண்ணிக்குக் கானோடு அலைந்த பிள்ளைக்கு முற்றத்திலேயே நல்ல தண்ணிக் கிணறு. கம்பஸையும் நூலகத்தையும் பிறகுதான் சொன்னான்.

பின்னேரத்தில் பெரிய வகுப்புப் பெடியன்கள் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்து உழைக்கிறார்கள். ஒருவன் சனி, ஞாயிறுகளில் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி மூட்டை இறக்கப் போகிறான், வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்று எங்களிடம் கேட்டுக்கொண்டான். சொல்லவில்லை, பெயரை எழுதவுமில்லை. ஆனால் வாசிக்கிற நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். “தீவான்” என்று நக்கலடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு சண்டை பிடிக்காமல் பாடத்தில் முன்னுக்கு வந்து காட்டுகிற பிள்ளைகள் இவர்கள்.

இனிக் கணக்கு. மேல்மாடிக்கு மொத்த மதிப்பீடு 62 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய். இதுவரை வந்தது 39 இலட்சத்து 10 ஆயிரம், அது முழுவதும் தூண், படி, கல், சுவர் என்று செலவாகிவிட்டது. மிச்சம் வேண்டியது 23 இலட்சத்து 40 ஆயிரம். இதில் பிளேட்டுக்கு மட்டும், கம்பி, சீமெந்து, மணல், பலகை வாடகை, கூலி எல்லாம் சேர்த்து 9 இலட்சத்து 80 ஆயிரம். மலசலகூடமும் குழியும் தண்ணித் தாங்கியும் 5 இலட்சத்து 20 ஆயிரம். கதவு, யன்னலுக்கு 4 இலட்சத்து 10 ஆயிரம், வயரிங்குக்கு 1 இலட்சத்து 90 ஆயிரம், கட்டிலும் மேசையும் 2 இலட்சத்து 40 ஆயிரம். பிளேட்டுக் காசுதான் இப்போது அவசரம், மற்றவை மாரிக்குள் ஆறுதலாகச் செய்யலாம். ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: இந்த வேலையை முதலில் யோசித்த காலத்தில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய சீமெந்து மூடை 2022 இல் மூவாயிரத்தைத் தொட்டது. பிறகு இறங்கியது, ஆனால் பழைய விலைக்கு வரவில்லை. மணலுக்கு அனுமதிப் பத்திரம், ஏற்றுக்கூலி என்று தனிக் கதை. பற்றுச்சீட்டுகள் எல்லாம் பொருளாளரிடம் கோப்பில் இருக்கின்றன, யாரும் வந்து பார்க்கலாம். சந்தேகத்தை வட்ஸ்அப்பில் சுற்றவிடாமல் நேரே வந்து கேளுங்கள்.

இதுவரை தந்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் மேலே போக முடியாது. முதற் காசு ஊரில் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை தந்தது, ஒரு மாத ஓய்வூதியம் முழுவதையும் கடித உறையில் போட்டு, “பெண் பிள்ளைகளின் அறைக்கு” என்று வெளியே எழுதிக் கொடுத்தார். தொழிலாளர்கள் ஒருநாள் பிடித்த மீனின் காசைச் சங்கத்தோடு கதைத்து மொத்தமாகத் தந்தார்கள், அந்தக் கிழமை கடல் சரியில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். பனங்கட்டி செய்கிற அம்மாமார் ஐந்நூறும் ஆயிரமுமாகச் சேர்த்து முடிச்சில் கொண்டுவந்தார்கள். கனடாவில் ஸ்காபுறோ உறவுகள் ஒன்றுகூடலில் சேர்த்த காசு, இலண்டனிலும் பாரிஸிலும் சுவிஸிலும் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்த்தவர்கள், பெயர் போட வேண்டாம் என்று பெருந்தொகை அனுப்பிய வைத்தியர் (இதே வீட்டில் முன்னறை மூலையில் படுத்துப் படித்தவர்), வைத்தியரைப் போலவே பெயர் வேண்டாமென்று சொல்லிவிட்டு வேலைக்குப் போன முதல் மாதச் சம்பளத்தில் 10,000 ரூபாய் போட்ட பிள்ளை, சீமெந்தைக் கடனுக்கு இறக்கிய கடைக்காரர், சிரமதானத்துக்கு வந்து கல் சுமந்த மற்ற ஊர் நண்பர்கள், சிங்களப் பிள்ளைகளும் இரண்டு பேர் வந்தார்கள், எல்லோரையும் நினைவில் வைத்திருக்கிறோம். உங்கள் பிள்ளைகளுக்கு நல்லது நடக்கும். பிள்ளையாரும் அந்தோனியாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. தலைவர் ஐயா இந்தப் பகுதியை எழுத வேண்டாம் என்றார், மனம் நோகும் என்று. நோகட்டும். இந்த வீட்டில் வாடகை கொடுக்காமல் இருந்து பட்டம் எடுத்து, இன்று நல்ல நிலையில் இருக்கிறவர்களின் பட்டியல் எங்களிடம் உண்டு. அதில் பாதிப் பேர் ஒரு சதமும் அனுப்பவில்லை. அதே ஆட்கள் ஊருக்கு வந்து சாமத்திய வீடு செய்யும்போது ட்ரோன் பறக்கிறது, மண்டப வாடகை இலட்சக் கணக்கில், பூத் தூவ வாகனம். செய்யுங்கள், உங்கள் காசு, உங்கள் பிள்ளை. கோயிலுக்குக் கோபுரமும் தேவாலயத்துக்கு மணிக்கூண்டும் கட்டுங்கள், அதுவும் புண்ணியம். ஆனால் நீங்கள் படுத்த இடத்தில் இன்று இன்னொரு பிள்ளை வாளி வைத்துக்கொண்டு முழித்திருக்கிறான் என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். பழைய பதிவுப் புத்தகத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது.

எவ்வளவு தரலாம் என்று கேட்டால், வெளிநாட்டில் இருக்கிற ஒரு குடும்பம் 25,000 ரூபாய் போட்டால் 94 குடும்பத்தோடு முழு வேலையும் முடிந்துவிடும், பிளேட்டுக்கு மட்டும் என்றால் 40 குடும்பம் போதும். எங்கள் ஊரார் எத்தனை நாட்டில் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஊரில் இருப்பவர்கள் இயன்றதைத் தாருங்கள், 500 ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு உண்டு. காசாகத் தர முடியாதவர்கள் பிளேட் போடுகிற நாளில் வாருங்கள், கலவை சுமக்க ஆட்கள் வேண்டும், சமைக்கவும் ஆட்கள் வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்கள் தயவுசெய்து உண்டியலில் (வங்கியில்லாமல் ஆள்வழியாகக் காசு மாற்றுகிற முறை) போட வேண்டாம், வங்கிக் கணக்குக்கே நேரே போடுங்கள். கணக்குக் காட்ட அதுதான் சுகம். கணக்கு இலக்கம் உங்கள் நாட்டுத் தொடர்பாளரிடம் இருக்கிறது, இந்த வேலையை நடத்துகிற எங்கள் நிலையத்தின் முத்திரையும் மூன்று பேரின் கையெழுத்தும் இல்லாத கடிதத்தைக் கொண்டு யாராவது வந்து கேட்டால் கொடுக்காதீர்கள். காசு போட்டதும் சிலிப்பைப் படமெடுத்துப் பொருளாளருக்கு அனுப்பினால் ஒரு கிழமைக்குள் பற்றுச்சீட்டு வரும். ஆவணி 15 வரை சேர்ந்த தொகையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிலைய அறிவித்தல் பலகையில் ஒட்டுவோம், பெயர் வேண்டாம் என்றவர்களுக்குத் தொகை மட்டும் போடப்படும். அன்று பின்னேரமே கூட்டமும் இருக்கிறது. பிளேட் நாளைக் குறிக்க வேண்டும், மேசனும் வருகிறார், ஆகவே கடைசிப் படகுக்கு முன் முடிக்கக்கூடியதாக மூன்று மணிக்கே தொடங்குவோம்.

இங்ஙனம்,
செயலாளர், நிர்வாகக் குழு சார்பில்