காரைக்குடியில் நோய்க்குறியியல் நேரடிப் பயிற்சி அளிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அரசு ஆய்வக நுட்புநர்,
தேவகோட்டை, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககம்,
கீழ்ப்பாக்கம், சென்னை.

பொருள்: நோய்க்குறியியல் பட்டமேற்படிப்பு மாணவர்களைக் காரைக்குடியில் பயிற்சிக்கு அமர்த்துவதும், பயிற்சி மருத்துவர்களுக்குத் திசு கையாளக் கற்றுக்கொடுப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எம்.பி.பி.எஸ். இரண்டாம் கட்டப் படிப்பில் நோய்க்குறியியல் பயிலும் மாணவர்கள், சாயமேற்றி முடித்த ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது காசநோய், இது புற்று என்று சொல்லப் பழகிவிடுகிறார்கள். ஆனால் அறுவை அரங்கிலிருந்து அந்த ஸ்லைடு வரையில் திசு கடந்துவரும் பாதையை அவர்கள் அருகிருந்து பார்ப்பது அபூர்வம். பிற்காலத்தில் அவர்களே அறுவை செய்து திசுவை அனுப்பும்போதுதான் இந்தக் குறை வெளிப்படுகிறது.

நான் பணியில் இருந்தபோது வெளி மருத்துவமனை ஒன்றிலிருந்து ஊறுகாய் பாட்டிலில் ஒரு கர்ப்பப்பை வந்தது. திசுவை அழுகாமல் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவம் திசுவைப் போல் பத்து மடங்கு இருக்க வேண்டிய இடத்தில், கர்ப்பப்பை முக்கால்வாசி நனையும் அளவுக்கே இருந்தது. பாட்டிலின் கழுத்து குறுகல். மென்மையாக உள்ளே போனது விறைத்துவிட்டதால் வெளியே வரவில்லை, பாட்டிலையே அறுக்க நேர்ந்தது. ஃபார்மலின் மணிக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வேகத்தில்தான் ஊறும் என்பதால், முன்கூட்டிப் பிளந்து வைக்காத அந்தக் கர்ப்பப்பையின் வெளிப்புறம் பதமாகவும், நோயைத் தேட வேண்டிய உட்சவ்வு அழுகியும் இருந்தன. கருத்துக் கூற இயலவில்லை என்றுதான் அறிக்கை போயிற்று. அந்த அம்மாவிடம் மறுபடி எடுத்து அனுப்ப இன்னொரு கர்ப்பப்பை இல்லை.

சீர்ச் சாமானில் கரண்டிக்குக்கூட எழுத்து வெட்டி வைக்கும் ஊர் எங்களுடையது. ஒருவர் உடம்பிலிருந்து எடுத்த திசு வரும் பாட்டிலிலோ, பெயர் பல நேரம் மூடியில் மட்டும் இருக்கும். ஒரே மேசையில் நான்கு பாட்டில்களைத் திறந்தால் மூடி மாறாது என்பதற்கு என்ன உறுதி?

மார்பகப் புற்றுநோயில் விளைவு இன்னும் கடுமையானது. வெட்டியெடுத்த திசு 1 மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இறங்கி, 6 முதல் 72 மணி நேரம் வரை அதில் இருக்க வேண்டும் என்பது நெறிமுறை. தவறினால், ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் புற்றில் உள்ளனவா என்று பார்க்கும் ஹார்மோன் ஏற்பிச் சோதனை பொய்யாக ‘இல்லை’ என்று காட்டக்கூடும். அதை நம்பி, பலன் தரக்கூடிய மாத்திரை நோயாளிக்குக் கொடுக்கப்படாமலே போகலாம். சனிக்கிழமை மாலை அறுவை முடிந்து, திசு திங்கட்கிழமை வரை உப்புநீரில் காத்திருந்த நிகழ்வையும் பார்த்திருக்கிறேன்.

தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி எம்.டி., எம்.எஸ். மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்றும் திட்டம் நடைமுறையில் உள்ளது. அதன்கீழ் நோய்க்குறியியல் மாணவர் ஒருவராவது காரைக்குடி அரசு தலைமை மருத்துவமனையில் எப்போதும் இருக்கும்படி சுழற்சி முறையில் அமர்த்தி, திசுவைப் பிளந்து, அளந்து, தேர்ந்து வெட்டும் பணியை அனுபவமுள்ள மருத்துவரின் மேற்பார்வையில் அவர் செய்யுமாறு ஆணையிடக் கோருகிறேன். அவர் கற்பதோடு, அறுவை அரங்கில் இருப்பவர்களுக்கும் அன்றாடம் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் கிடைப்பார். பயிற்சி மருத்துவர்கள் அறுவைத் துறைக்குப் போகுமுன் ஒரு நாளையேனும் நோய்க்குறியியல் ஆய்வகத்தில் கழிப்பதைக் கட்டாயமாக்கவும், அரங்குச் செவிலியர்களை அதில் சேர்க்கவும் வேண்டுகிறேன். நடைமுறையில் பாட்டிலை மூடுவது பெரும்பாலும் அவர்கள் கைதான்.

மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 300 ஏக்கர் நிலம் கொடுத்த அழகப்பச் செட்டியாரின் மண்ணில், கட்டடம் கேட்டால் கொடுப்போர் இன்றும் உண்டு. நாங்கள் கேட்பது கற்பிக்க ஆளும், அதற்கான ஆணையும்தான். வாய் அகன்ற பாட்டில்கள், ஃபார்மலின் ஆகியவற்றுக்கான செலவு மருத்துவமனை நிதியிலேயே அடங்கிவிடும். வரும் கல்வியாண்டுக்கான பணியமர்வுப் பட்டியலைத் தயாரிக்கும்போதே இக்கோரிக்கையைப் பரிசீலித்து, எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: தேவகோட்டை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர், சிவகங்கை.