வெறும் வயிற்றோடு காத்திருக்கும் மூத்தோர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் பலதுறை மருந்தகங்களுக்கு (பாலிகிளினிக்) ரத்தப் பரிசோதனைக்கு வரும் நீரிழிவு நோயாளிகளில் சிலர் தேவையே இல்லாமல் பட்டினியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு வேண்டியதில்லை. உண்ணாநிலைச் சர்க்கரை பார்க்கத்தான் குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடக்கூடாது. அப்போதும் தண்ணீர் குடிக்கலாம். பால் கலந்த காப்பி, சீனி போடாவிட்டாலும், கூடாது. அது தெரியாமல் குடித்துவிட்டு வருபவரைத் திருப்பி அனுப்பினால், மருத்துவரைப் பார்க்கும் நாளில் முடிவு கையில் இருக்காது. இன்னொரு நடை, இன்னொரு காத்திருப்பு.

இதைவிடக் கவலை தருவது மாத்திரை. பழக்க தோஷத்தில் காலையில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிபிசைடு மாத்திரையை விழுங்கியோ இன்சுலின் போட்டுக்கொண்டோ வெறும் வயிற்றோடு வந்தால், ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே, அதாவது ஆபத்தான அளவுக்கு, இறங்கக்கூடும். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும். வரிசை எண் தவறிப்போகுமே என்று எழுந்து சொல்லவும் தயங்குவார்கள். தயங்காதீர்கள், உடனே தாதியிடம் சொல்லுங்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி சர்க்கரை பார்க்க வேண்டும்.

முன்பதிவுச் சீட்டிலேயே சாப்பிடலாமா, எந்த மருந்தை நிறுத்தி வைப்பது என்று இரண்டு வரி தமிழிலும் அச்சிடுங்கள். நீரிழிவு உள்ளவர்களின் ரத்தத்தைக் காலையில் முதலில் எடுத்துவிடுங்கள்.

– ஓய்வுபெற்ற தாதி, ஈசூன்