மலை ஏறும் முன் படித்துவிடு

பொள்ளாச்சி,
நவம்பர் 24

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு வருகிறாய் என்று படித்ததும் சந்தோஷம்தான். ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, "உன் போலோவை வால்பாறைக்கு நான்தான் ஓட்டுவேன்" என்று, அதுதான் இரண்டு நாளாகத் தூக்கத்தைக் கெடுக்கிறது. பதினாறு வருஷமாக ஷார்ஜாவில் ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவன் நீ. அங்கே ஸ்டியரிங்கும் இடது பக்கம். இங்கே கியர் இடது கைக்கு, கிளட்ச் இடது காலுக்கு. இரண்டுமே உன்னிடம் இத்தனை நாளாகச் சும்மா கிடந்தவை. என் கிளட்ச் பிளேட்டை நினைத்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஊர்ச் செய்தி. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, கோயில் வரை நடக்கிறார்கள். தோப்பில் வெள்ளை ஈ இன்னும் விட்டபாடில்லை. மட்டைக்கு அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக அப்பிக்கொண்டு, கீழ்மட்டையெல்லாம் கரி பூசிய மாதிரி நிற்கிறது. தென்னையை நம்பி கார் வாங்கினாயா என்று கேட்காதே. வாங்கியது பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ, 2021 மாடல். அடுத்த வருஷமே இந்தியாவில் போலோவை நிறுத்திவிட்டார்கள். கிடைத்தபோது பிடித்துக்கொண்டேன்.

999 சிசிதான், மூன்று சிலிண்டர். ஆனால் டர்போ, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அடைத்துப் பலம் கூட்டும். 110 பிஎஸ், ஆறு கியர் மேனுவல். 1750 ஆர்பிஎம்முக்கு, அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு 1750 சுற்றுக்கு, கீழே தூங்கிக்கொண்டிருக்கும், அதைத் தாண்டினால் பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி கிளம்பும். முதல் இரண்டு மாதம் இந்தத் தள்ளலில்தான் மாட்டிக்கொண்டேன். ஸ்போர்ட்ஸ் வண்டி என்றால் கியரை 'சடக் சடக்' என்று போட வேண்டும் என்று நினைப்பு. ஒவ்வொரு கியருக்கும் உள்ளே இருப்பவர்கள் தஞ்சாவூர் பொம்மை மாதிரி தலையாட்டினார்கள். பாலக்காடு ரோட்டில் ஒருநாள் வீட்டுக்காரி மடியில் வைத்திருந்த சாம்பார் தூக்கு சாய்ந்துவிட்டது. இரண்டு நாள் கார் மணத்தது. அவள் பேசவில்லை.

திருத்தியது யார் தெரியுமா? உங்கப்பா.

ஆகஸ்டில் அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன் அல்லவா. முன் சீட்டில் உட்கார்ந்தார். எண்பதைத் தாண்டியும் வண்டியில் ஏறினால் அவருக்கு முதுகு நேராகிவிடுகிறது. நான் செகண்டிலிருந்து தேர்டு போட்டேன், வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. எதுவும் சொல்லவில்லை. மறுபடியும் போட்டேன், மறுபடியும் குலுக்கல். அப்புறம் மெதுவாக, "அவசரப்படாத கண்ணு. சத்தம் எறங்கட்டும். எறங்கி வந்து ஒரு எடத்துல நிக்கும் பாரு, அப்ப உடு" என்றார்.

அவ்வளவுதான் பாடம். வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். உள்ளே நடப்பது தெரிந்ததும் அவர் சொன்னது அப்படியே பொருந்தியது.

கியர் மாற்றுகிறோம் என்கிறோமே தவிர, முன்னே போகும் கியர்களில் பற்சக்கரம் எதுவும் இடம் மாறுவதில்லை. எல்லா ஜோடியும் எப்போதும் கோத்துக்கொண்டுதான் சுற்றுகின்றன. நம் கை நகர்த்துவது ஒரு ஸ்லீவை, அதாவது பற்சக்கரத்தை அது சுற்றும் தண்டோடு பூட்டுகிற உறையை. அது போய்ப் பூட்டிக்கொள்வதற்கு முன்னால், சிங்க்ரோ என்கிற பித்தளை வளையம் உரசி இரண்டு பக்க வேகத்தையும் ஒன்றாக்குகிறது. ஒன்றாகும்வரை ஸ்லீவை உள்ளே விடாது. லீவரைத் தள்ளும்போது நடுவில் லேசாக முட்டுகிற மாதிரி ஒரு தடை தெரியும், கவனித்திருப்பாய். அந்த இடத்தில் இரண்டு விரல் பலம் போதும், கொஞ்சம் பொறுத்தால் தானே வாங்கிக்கொள்ளும். குத்தினால் வளையம் தேயும். ஒருநாள் கரகரவென்று பதில் சொல்லும்.

ஆனால் நான் பல மாதம் குழப்பிக்கொண்டது வேறு விஷயத்தை. கரகரப்பு வேறு, குலுக்கல் வேறு. சிங்க்ரோ பார்த்துக்கொள்வது கியர் பாக்ஸை மட்டும்தான். இன்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்த்துப் பிரிக்கும் கிளட்சுக்கு அந்தப் பக்கம் நிற்கும் இன்ஜினின் வேகத்தை அது சரி செய்யாது, அது நம் காலின் வேலை. செகண்டில் 3000 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கிறாய் என்று வை. தேர்டில் அதே வேகத்துக்கு இன்ஜின் சுமார் 2000-த்தில் சுற்றினால் போதும். அந்த ஆயிரம் இறங்குவதற்குள் கிளட்சை விட்டால் வண்டி முன்னே துள்ளும். ரொம்ப நேரம் விட்டு, 1000-த்துக்கு வந்தபின் விட்டால் பிரேக் பிடித்த மாதிரி இழுக்கும். நடுவில் ஒரு நொடி இருக்கிறது. உங்கப்பா "ஒரு எடத்துல நிக்கும்" என்று சொன்னது அதைத்தான்.

இந்தக் காலத்து வண்டிகளில் பலவற்றில் இன்னொரு வம்பு. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் ஆர்பிஎம் உடனே விழாது, புகைக் கட்டுப்பாட்டுக்காக எலக்ட்ரானிக்ஸ் கொஞ்சம் பிடித்துவைத்து மெதுவாக இறக்கும். கை வேகம் காட்டுகிறவனுக்குத்தான் இதில் அடி விழும். நான் இப்போது கிளட்சை மிதிப்பதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்னாலேயே ஆக்சிலேட்டரைத் தளர்த்துகிறேன். நியூட்ரலில் லீவர் நடுவுக்கு வரும்போது கையைச் சும்மா வைத்திருக்கிறேன், பிறகு தேர்டு. பின் சீட்டில் இருப்பவர்களுக்குக் கியர் மாறியதே தெரிவதில்லை. சாம்பார் தூக்கும் பத்திரம்.

கியரை ஏற்றுவது இவ்வளவுதான். கியரை இறக்குவதுதான் கலை. வளைவுக்கு முன் தேர்டிலிருந்து செகண்ட் போட்டால் இன்ஜின் வேகம் கூட வேண்டும். யார் கூட்டுவது? நீ கூட்டாவிட்டால் சக்கரம் இழுத்துக் கூட்டும். அதுதான் முகம் கண்ணாடியில் மோதுகிற மாதிரி வரும் அந்த இழுப்பு, செலவு கிளட்ச் பிளேட் கணக்கில். அதனால் கிளட்ச் உள்ளே இருக்கும்போதே ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டு. 'ம்ம்' என்று ஏறும். ஏறியதும் விடு.

சின்ன வயதில் நாம் இரண்டு பேரும் உங்கப்பா ஓட்டின சேரன் பஸ்ஸில், டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் பானட் மேல் உட்கார்ந்து போவோமே, ஞாபகம் இருக்கிறதா? தொடை வெந்துபோகும். அப்போது நான் கேட்டேன், உங்கப்பா ஏன் ஒரு கியருக்கு இரண்டு தடவை கிளட்சை மிதிக்கிறார் என்று. நீ பெரிய ஞானி மாதிரி, "பெரிய வண்டிடா, ஒரு மிதி பத்தாது" என்றாய். முப்பது வருஷத்துக்கு மேல் அதையே நம்பிக்கொண்டிருந்தேன். அந்த பஸ்ஸில் சிங்க்ரோ கிடையாது மாப்ளே. ஒரு மிதியில் நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரில் ஒரு தட்டு, அப்போது கியர் பாக்ஸுக்குள் இருக்கும் தண்டையும் இன்ஜின் சேர்த்துச் சுற்றிவிடும், இரண்டாவது மிதியில் கியர். அந்தப் பித்தளை வளையத்தின் வேலையை அவர் காதும் காலும் செய்துகொண்டிருந்தன. ஆர்பிஎம் மீட்டரைப் பார்த்து அல்ல. ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு, வால்பாறை மழையில்.

உங்க மாமாவின் அம்பாசடரில் நாம் பழகியபோதும் இதே கதைதான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கை கியர், ஃபர்ஸ்ட்டுக்கு மட்டும் சிங்க்ரோ இல்லை. உருண்டுகொண்டிருக்கும்போதே ஃபர்ஸ்ட் போட்டு அது கத்திய கத்தலில் மாமா துண்டை உதறிக்கொண்டு ஓடி வந்தாரே!

போன மாதம் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் பாதி நாள் ஓட்டிப் பார்த்தேன். சொல்லிக்கொடுத்த பையனுக்கு என் மகள் வயது. "பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒரே காலால் சமாளிங்க அங்கிள்" என்றான். ஹீல் அண்ட் டோ என்று பெயர். பாதத்தின் முன்பகுதி பிரேக்கில் அழுந்தியிருக்க, அதே காலின் வலது ஓரத்தால் ஆக்சிலேட்டரைத் தட்ட வேண்டும். முதலில் பிரேக் அழுத்தம் மாறி மாறி வண்டி நொண்டியது. நன்றாக அழுத்திப் பிரேக் பிடித்தால்தான் இரண்டு பெடலும் ஒரு மட்டத்துக்கு வருகின்றன. ஊருக்குள் மெதுவாகப் பிடிக்கும்போது பிரேக் பெடல் மேலே நிற்கும், கால் எட்டாது. ஆக, ரோட்டில் அதைச் செய்து காட்டுகிறவனை நம்பாதே, பாதி சினிமா. மலையில் முதலில் பிரேக்கை முடி, அப்புறம் ஒரு தட்டு, அப்புறம் கியர். ஒன்றும் குறைந்துவிடாது.

மகள் கேட்கிறாள், இந்தக் காலத்தில் எதற்கப்பா இத்தனை பாடு என்று. நியாயமான கேள்வி. ஃபெராரி 1989-லேயே ஃபார்முலா ஒன்னில் கியரை ஸ்டியரிங்குக்குப் பின்னால், விரலால் தட்டுகிற லீவராகக் கொண்டுபோய்விட்டது. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் அங்கே போனபோது கிளட்சை மிதித்துக் கியர் மாற்றும் கார் ஒன்றுகூட இல்லை. அவளுக்கு என்ன பதில் சொல்வது? எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, உனக்குச் சில எச்சரிக்கை. ரிவர்ஸ் ஃபர்ஸ்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, லீவரைக் கீழே அமுக்கி இடது பக்கம் தள்ளினால்தான் விழும், பயப்படாதே. தேர்டிலிருந்து ஃபோர்த்துக்கு லீவரை இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையால் நேரே பின்னால் இழு. ஃபிஃப்த்திலிருந்து ஃபோர்த் இறக்கும்போதுதான் உயிர் போகும் தப்பு நடக்கும். இடது பக்கம் கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டால் செகண்டில் போய் விழும். ஆக்சிலேட்டரால் அதிகமாகச் சுற்றினால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திக் காப்பாற்றும். சக்கரம் பிடித்துச் சுற்றினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. வால்வு வளைந்தால் என் இரண்டு வருஷத் தேங்காய்க் காசு போச்சு. லீவர் தானே நடுவுக்கு வந்து நிற்கும், ஸ்பிரிங் இருக்கிறது. வரட்டும் என்று விடு. அப்புறம், அந்தக் காலத்தில் கியர் குமிழ் மேலேயே கையை வைத்துக்கொண்டு ஓட்டுவாயே ஸ்டைலாக, அது வேண்டாம். அந்தப் பாரம் உள்ளே ஸ்லீவைத் தள்ளும் ஃபோர்க்குக்குத்தான் போகிறது. கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே வருவதும் அப்படியே, பேரிங் போய்விடும்.

ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி. பெரும்பாலும் செகண்டே போதும். ஓரிரண்டு வளைவில் முன்னால் பஸ் நின்றுவிட்டால் டர்போ தூங்கிவிடும், அப்போது வெட்கப்படாமல் நின்று ஃபர்ஸ்ட் போடு. எதிரே ஏறி வருகிறவனுக்குத்தான் முதல் வழி, நினைவிருக்கட்டும். இறங்கும்போது நியூட்ரல் பேச்சே கூடாது. ஏறின கியரிலேயே இறங்கு, இன்ஜின் பிடித்துக்கொள்ளும், பிரேக் காயாது. இது உங்கப்பாவே உனக்குச் சொல்லியிருப்பார், நீ காதில் வாங்கியிருக்க மாட்டாய்.

ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயின்ட்டில், நிறுத்துவோம். அதிர்ஷ்டம் இருந்தால் வரையாடு தெரியும். அதுவரை நீ ஓட்டு. அதற்கு மேல் நீ ஓட்டுவதா நான் ஓட்டுவதா என்பதை அங்கே முடிவு செய்துகொள்ளலாம். முடிவு செய்யப்போவது நாம் இல்லை. முன் சீட்டு தனக்கு என்று உங்கப்பா இப்போதே சொல்லிவிட்டார்.

வரும்போது அடி மெல்லிசான ஷூ ஒன்று எடுத்து வா. அந்தத் தடித்த மெத்தை ஷூவோடு என் கிளட்ச் பக்கம் வராதே.

உன்
பங்காளி