ஓலாவ் என்றொரு பெயர்

ட்ரான்ட்ஹைம், நார்வே

அன்புள்ள தாத்தாவுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறேன். குளிர் பழகிவிட்டது, பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடுவதுதான் இன்னும் பழகவில்லை.

அங்கே ஆண்பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று போனில் கேட்டீர்கள். இந்த ஊரில் எங்கு திரும்பினாலும் ஓலாவ்தான். என் மேற்பார்வையாளர் ஓலாவ். அவருடைய தாத்தாவும் ஓலாவ். முன்னோரின் வாரிசு என்பது பழைய நார்ஸ் மொழியில் அதற்குப் பொருளாம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இங்கேயும் உண்டு.

கடைவீதிச் சதுக்கத்தில் உயரமான தூண் ஒன்று இருக்கிறது. அதன் உச்சியில் நிற்பவர் இந்நகரை நிறுவியதாகச் சொல்லப்படும் மன்னர் ஓலாவ் ட்ரிக்வாசன். வெயில் நாளில் அந்தத் தூணின் நிழல் தரையில் விழுந்து மணி காட்டும். அவருக்குப் பின் வந்த ஓலாவ் ஹரால்ட்சன் 1030-இல் ஸ்டிக்லஸ்டாட் போரில் மாண்டார். மறு ஆண்டே புனிதராக்கப்பட்டார். அவர் சமாதிமேல் எழுந்ததுதான் இங்குள்ள பேராலயம். ஜூலை 29 அவருடைய திருநாள். நாட்டின் சின்னத்தில் சிங்கம் ஏந்தியிருக்கும் கோடரியும் அவருடையதே. இருவருமே வாள்முனையில் மக்களைக் கிறிஸ்தவத்துக்கு மாற்றியவர்கள். அதனால் என் மனம் அவர்களிடம் ஒட்டவில்லை.

எனக்குப் பிடித்தவர் மன்னர் ஐந்தாம் ஓலாவ். 1903-இல் இங்கிலாந்தில் பிறந்தபோது அவர் பெயர் அலெக்சாண்டர். 1905-இல் அவருடைய தந்தையை நார்வே மக்கள் அரசராக ஏற்றபோது, இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஓலாவ் என்று பெயர் மாற்றினார்கள். வேற்று நாட்டிலிருந்து வந்த குடும்பம் இந்த மண்ணின் பெயரைச் சூடிக்கொண்டது. 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாட்டால் வார இறுதியில் கார் ஓட்டத் தடை வந்தது. அரசரான அவரும் பனிச்சறுக்குக்கு டிராமில்தான் போனார். டிக்கெட்டுக்குக் காசு நீட்டியபடி அவர் நிற்கும் படம் இங்கே எல்லோருக்கும் தெரியும். 1991 ஜனவரியில் அவர் இறந்தபோது ஓஸ்லோ அரண்மனை முன் பனியில் மக்கள் ஆயிரமாயிரம் மெழுகுவத்திகள் ஏற்றினார்களாம். அதைச் சொல்லும்போது மேற்பார்வையாளரின் குரல் தழுதழுத்தது.

என் தாத்தாவுக்கும் அவருடைய தாத்தா பெயர்தான் என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். உங்கள் தாத்தா என்ன தொழில் செய்தார், எந்த ஊர்க்காரர் என்று ஆவலாகக் கேட்டார். அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன். அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பேரன்