முரளிக்கு, சாப்பாட்டு விஷயமாக

அன்புள்ள முரளிக்கு,

அப்பா எழுதறது. நகரியில எல்லாரும் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

நீ அனுப்பின சாப்பாட்டுப் போட்டோவைப் பார்த்துட்டு அம்மா ஒண்ணும் பேசாம போனை என்கிட்ட நீட்டினா. கண்ணாடி போட்டுக்கிட்டுப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். ஆயுசு பூரா ரைஸ் மில்லுல சல்லடைப் பக்கம் நின்னவனுக்கு நொய் தெரியாதா? மேல சுட்ட கறி, முட்டை, வெள்ளரிக்காய்னு அடுக்கியிருந்தாலும் அடியில இருந்தது நொய்தான்.

அதுக்கு வியட்நாம்ல கோம் தாம்னு பேராமே. மேக்கோங் ஆத்துப் பக்கத்துக் குடியானவங்க விலைபோகாத நொய்யைத் தாங்களே பொங்கித் தின்னாங்களாம், இப்ப சைகோன்ல காலையில ஆபீஸ் போறவங்க எல்லாம் அதைத்தான் சாப்பிடறாங்களாம். உன் தங்கச்சி படிச்சுச் சொன்னா. நம்ம சங்கட்டியும் அப்படித்தானே. நொய்யைக் குழைய வேகவிட்டு, கேவுரு மாவை நடுவுல குவிச்சு, கோலால குழி பண்ணி மூடிவெச்சு, அப்புறம் உன் பாட்டி கிண்டற கிண்டுல அடுப்பே ஆடும். இன்னிக்குத் திருப்பதி ஓட்டல்ல நாட்டுக்கோழிக் குழம்போட விக்கறான், விலையைக் கேட்டா மயக்கம் வருது.

ஆனா நாம ருசிக்காகவா தின்னோம்? மில்லுல நூக்கலுன்னு தெலுங்குல சொல்லி, சும்மா தூக்கிக் கொடுத்த நொய் மூட்டை அது. தாத்தா நெல்லை உச்சி வெயில்ல போட்டுக் காயவைப்பார், நான் சண்டை போடுவேன். ஈரம் சடார்னு இறங்கினா அரிசிக்குள்ள கீறல் விழுந்துடும், மெஷின்ல போனதும் ரெண்டா மூணா உடையும். உடைஞ்சது கோழித் தீவனத்துக்குப் போகும். தீவனத்துக்கும் எத்தனாலுக்கும் பத்தலைன்னு 2022 செப்டம்பர்ல குருணை ஏற்றுமதியையே கவர்மென்ட் நிறுத்திச்சு, 2025 மார்ச்சுலதான் திறந்துவிட்டாங்க. கோழிக்கு அவ்வளவு கிராக்கி! என் பிள்ளை தட்டுல அதைப் பார்த்தா எனக்கு எப்படி இருக்கும், சொல்லு.

இஷ்டப்பட்டுத்தான் சாப்பிடறேன்னா சரி. ஞாயித்துக்கிழமை போன் வர்றதில்லை, மெசேஜ்தான். பணம் மட்டும் ஒரு ரூபா குறையாம ஒண்ணாம் தேதி வந்துடுது. முன்னெல்லாம் அஞ்சு, ஆறுன்னு இழுக்கும்.

இன்ஜினியர் பையன்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரியறவன் நான்தான். அதுக்காக நீ வயித்தைக் கட்டாதே. காய்ச்சல் கண்டா நொய்க்கஞ்சி வெச்சுக் குடி, உப்பும் சுட்ட அப்பளமும் போதும். மத்த நாள் ஒழுங்காச் சாப்பிடு. ராத்திரி வெறும் வயித்தோட படுக்காதே.

அடுத்த மாசம் பணம் வேணாம். தங்கச்சிக்கு பீஸ் கட்டியாச்சு, கூரை ஓடும் மாத்தியாச்சு. அனுப்பினா திருப்பி அனுப்பற வழி எனக்குத் தெரியாது, அதனால அனுப்பாதே. ஞாயித்துக்கிழமை வீடியோவுல கூப்பிடு. கன்னம் ஒட்டியிருக்கான்னு பார்க்கணுமாம், அம்மா சொல்றா.

அப்பா