லிவர்பூல் 1955: இங்கிலாந்துத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் நகரங்களில் தமிழ்ச் சங்கம் நடத்துபவர்கள், கோயில் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள், வார இறுதியில் தமிழ்ப் பள்ளி நடத்துபவர்கள் என உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். உங்கள் அடுத்த விழாவில் அரங்க வாசலில் ஒரு மேசை போட்டு, வருகிறவர்களை வாக்காளர் பட்டியலில் பதியச் செய்யுங்கள். நாடாளுமன்றத் தேர்தல் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். நான் முதலில் நினைப்பது நகர மன்றத் தேர்தலைத்தான்.

கவுன்சில் தேர்தல் என்று சொன்னாலே நம்மவர்களில் பலர், "குப்பை அள்ளுறதுக்கெல்லாம் ஓட்டா?" என்கிறார்கள். அப்படிக் கேட்பவர்களுக்கு நான் லிவர்பூலின் கதையைத்தான் சொல்ல விரும்புகிறேன். 1945 முதல் 1955 வரை அந்த ஊரின் நகர மன்றத் தேர்தல் முடிவுகள் போன போக்கு அப்படிப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் நகரங்களில் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தி வைத்திருந்தார்கள். 1938 நவம்பருக்குப் பிறகு அடுத்த வாக்குப்பதிவு 1945 நவம்பர் 1ஆம் தேதிதான். இடையில் ஓர் உறுப்பினர் இறந்தாலோ விலகினாலோ மன்றமே ஒருவரைப் பார்த்து உட்காரவைத்துக்கொண்டது. ஏழு ஆண்டுகள் கழித்து வந்த அந்தத் தேர்தலில் இன்னொரு மாற்றமும் இருந்தது. அதுவரை உள்ளாட்சி வாக்கு, வீட்டையோ கடையையோ தன் பெயரில் வைத்திருப்பவருக்கும் அவருடைய துணைக்கும்தான். பெற்றோர் வீட்டிலேயே வாழ்ந்த முப்பது வயது மகனுக்கோ மகளுக்கோ நாடாளுமன்றத்துக்கு ஓட்டு உண்டு, நகர மன்றத்துக்குக் கிடையாது. முதலாளி வீட்டிலேயே தங்கி வேலை பார்த்த பெண்ணுக்கும் அதே நிலைமைதான். 1945இல் வந்த சட்டம்தான் நாடாளுமன்ற வாக்காளர் எல்லோருக்கும் நகர மன்ற வாக்கையும் கொடுத்தது.

அந்த ஆண்டு ஜூலையில் லேபர் கட்சி நாடு முழுக்கப் பெருவெற்றி பெற்றிருந்தது. லிவர்பூல் எக்ஸ்சேஞ்ச் தொகுதியில் பெஸ்ஸி பிராடாக் வென்று நாடாளுமன்றம் போனார். 1930 முதல் செயின்ட் ஆன்ஸ் வார்டின் கவுன்சிலராக இருந்து, குடிசைப் பகுதிகளுக்காக மன்றத்தில் குரலை உயர்த்திச் சண்டை போட்டவர் அவர். நவம்பரில் நகர மன்றமும் லேபர் கைக்கு வந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வரவில்லை. 1892 முதல் 1895 வரையிலான மூன்று ஆண்டுகளைத் தவிர, 1841 முதல் அந்த மன்றம் கன்சர்வேட்டிவ் கையில்தான் இருந்தது. 1945க்குப் பிறகும் அது கைமாற இன்னும் பத்து ஆண்டுகள் பிடித்தன.

ஏன் என்று பார்த்தால் முதலில் மதம். ஸ்காட்லாண்ட் சாலையைச் சுற்றி ஐரிஷ் கத்தோலிக்கர்கள். அந்தத் தொகுதி 1929 வரை ஐரிஷ் தேசியவாதியான டி.பி. ஓ'கானரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அயர்லாந்துக்கு வெளியே அப்படி ஒரு தொகுதி வேறு இல்லை. சற்றுத் தள்ளி நெதர்ஃபீல்டு, செயின்ட் டொமிங்கோ பக்கம் ஆரஞ்சு சங்கம் என்ற கத்தோலிக்க எதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்த புராட்டஸ்டன்ட் தொழிலாளிகள். இரு பக்கமும் உழைத்துப் பிழைத்த ஏழைக் குடும்பங்கள்தான், இரு பக்கமும் நெருக்கியடித்த ஈரச் சுவர் வீடுகள்தான். வாக்கு மட்டும் வேறு வேறு திசையில் போனது. புராட்டஸ்டன்ட் கட்சி என்றே ஒரு கட்சி இருந்து கவுன்சிலர்களை வென்றது. அதன் தலைவர் பாதிரியார் லாங்பாட்டம் 1950இல் நகரத்தின் லார்டு மேயராகவே ஆனார். ஒரே பிரச்சினையில் கிடந்து தவித்த மக்கள், கோயில் வேறு என்பதால் ஒரே பக்கம் வாக்களிக்க முடியாமல் போன ஊர் அது. நம் சங்கங்களில் இதைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் தேர்தல் முறை. ஒவ்வொரு வார்டுக்கும் மூன்று கவுன்சிலர்கள்; ஆண்டுக்கு ஒருவர் பதவி முடிந்து போவார். அதாவது ஓர் ஆண்டில் மக்கள் மாற்றக்கூடியது மூன்றில் ஒரு பங்கு இடங்களைத்தான். இந்த ஆண்டு ஒரு கட்சிக்குக் காற்று வீசி அடுத்த ஆண்டு திரும்பிவிட்டால் கணக்கு பழையபடி ஆகிவிடும். அப்படித்தான் ஆனது. 1945லும் 1946லும் நாடு முழுக்க நகரங்களில் லேபர் முன்னேறியது, 1947இல் கன்சர்வேட்டிவ் திருப்பி அடித்தது. தேர்தல் நவம்பரிலிருந்து மே மாதத்துக்கு மாறிய 1949லும் அதே கதை. 1952இல் மறுபடி லேபர் பக்கம் திரும்பியது.

இதற்கு மேல், மன்றத்தில் ஆல்டர்மேன்கள் என்ற மூத்த உறுப்பினர்கள். மூன்று கவுன்சிலருக்கு ஓர் ஆல்டர்மேன் என்று கணக்கு. அவர்களை மக்கள் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள். பதவிக்காலம் ஆறு ஆண்டுகள், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பாதிப் பேர் மாறுவார்கள். 1835ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு இது. மன்றத்தின் மொத்த வாக்குகளில் நான்கில் ஒன்று எந்த வாக்குச்சாவடிக்கும் போகாமலே தீர்மானமானது. இதன் பலம் என்ன என்பதற்கு லண்டன் கவுன்டி கவுன்சிலின் 1949 முடிவே போதும். லேபர் 64, கன்சர்வேட்டிவ் 64, லிபரல் கட்சிக்கு ஒரே ஒருவர், சர் பெர்சி ஹாரிஸ். மக்கள் அளித்த தீர்ப்பு சரிசமம். ஆல்டர்மேன்களின் பலத்தில் லேபர் ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது. இந்தப் பதவியை 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம்தான் ஒழித்தது.

இத்தனையையும் தாண்டி 1955 மே மாதம் லிவர்பூல் கைமாறியது. பெஸ்ஸியின் கணவர் ஜாக் பிராடாக் மன்றத்தின் தலைவரானார். எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுவது, அதே மே மாதம் 26ஆம் தேதி நடந்த பொதுத் தேர்தல். அதில் ஆண்டனி ஈடனின் கன்சர்வேட்டிவ் கட்சி முன்பைவிடக் கூடுதல் பெரும்பான்மையோடு ஜெயித்தது. லிவர்பூலிலேயே ஒன்பது தொகுதிகளில் ஆறு அவர்களுக்கு, மூன்றுதான் லேபருக்கு. ஒரே ஊர், ஒரே மாதம், இரண்டு வேறு தீர்ப்பு. நகரத்துக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று என்று அந்த ஊர் மக்கள் பிரித்துப் பார்த்து வாக்களித்தார்கள். உள்ளாட்சியை ஒரு பொருட்டாக அவர்கள் மதித்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அவர்கள் ஏன் மதித்தார்கள் என்பதும் தெளிவு. வாடகை வீட்டைக் கட்டுவதும் ஒதுக்குவதும் மன்றம். பள்ளி மன்றத்துடையது, குடிதண்ணீரும் மன்றத்துடையது. வாழத் தகுதியற்ற வீடுகளை நகர மன்றங்கள் கணக்கெடுத்துச் சொன்ன 1955ஆம் ஆண்டில், லிவர்பூல் காட்டிய கணக்கு ஏறத்தாழ 88,000 வீடுகள். எந்தத் தெருவை இடிப்பது, அங்கே இருந்தவர்களை நகருக்கு வெளியே எவ்வளவு தூரத்தில் குடிவைப்பது என்பதெல்லாம் அந்த மன்ற அறையில்தான் முடிவானது. அந்த முடிவுகளில் தவறு நிறைய நடந்தது, பழகிய அக்கம்பக்கத்தைப் பிரித்துப் போட்டார்கள் என்ற குறை இன்றும் அங்கே உண்டு. ஆனால் குறை சொல்லவும் அடுத்த மே மாதத்தில் கணக்குத் தீர்க்கவும் அந்த மக்களிடம் ஒரு வாக்குச்சீட்டு இருந்தது.

அந்தச் சீட்டு இல்லாதவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லியாக வேண்டும். லிவர்பூலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று, வடக்கு வேல்ஸில் ட்ரிவெரின் பள்ளத்தாக்கை அணைகட்டி நிரப்ப மன்றம் திட்டமிட்டது. அங்கே காப்பெல் கெலின் என்றொரு சிற்றூர். வெல்ஷ் மொழி மட்டுமே புழங்கிய ஊர். பள்ளிக்கூடம், அஞ்சலகம், வழிபாட்டுக்கூடம், அதை ஒட்டிய இடுகாடு, சுற்றிலும் பண்ணைகள். 1955 டிசம்பரில் அந்த மக்களுக்கு விஷயம் தெரிந்ததே செய்தித்தாள் வழியாகத்தான். 1956 நவம்பரில் ஊர்க்காரர்கள் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, பதாகை பிடித்து, லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். மன்றம் கேட்கவில்லை. இதில் கட்சி வேறுபாடும் பெரிதாக இல்லை. மன்றத்தில் எதிர்ப்புக் குரல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கன்சர்வேட்டிவ்கள் கோலோச்சிய 1880களிலும் இதே மன்றம் வேல்ஸில் லான்வுதின் என்ற ஊரை வெர்னுவி ஏரிக்கு அடியில் மூழ்கடித்திருக்கிறது. 1957இல் நாடாளுமன்றம் ட்ரிவெரின் சட்டத்தை நிறைவேற்றியபோது வேல்ஸ் உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. இருந்தும் சட்டம் நிறைவேறியது. 1965இல் அணை திறந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2005இல், லிவர்பூல் மன்றம் மன்னிப்புக் கேட்டது. அந்த ஊரில் ஒருவருக்காவது லிவர்பூலில் வாக்கு இருந்திருந்தால் ஊர் தப்பியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மன்றத்தில் உட்கார்ந்திருந்த எவருக்கும் அவர்களைப் பார்த்துப் பயப்படத் தேவை இருக்கவில்லை. இதுதான் என்னை உறுத்துகிறது. ஏனென்றால் இன்று நம் நகரங்களில் பல கவுன்சிலர்களுக்கு நம்மைப் பார்த்தும் அந்தப் பயம் இல்லை. காப்பெல் கெலின்காரர்களுக்கு வாக்கு இல்லை. நமக்கு இருக்கிறது, நாம் பதிவதில்லை.

இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிய பிறகுதான் ஓட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், சட்டப்படித் தங்க அனுமதி உள்ளவர்கள், இங்கே எல்லாத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே அதில் அடக்கம். முதுகலை படிக்க வந்த மாணவருக்கும், மருத்துவமனையில் செவிலியராக வந்தவருக்கும், ஐ.டி. வேலைக்கு வந்தவருக்கும், அவரோடு வந்த துணைக்கும் ஓட்டு உண்டு. இது புதிய சலுகையும் அல்ல. போருக்கு முன்பே இங்கே குடியிருந்த நம் பகுதி மக்கள் பிரிட்டிஷ் பிரஜை என்ற முறையில் வாக்களிக்கவும் போட்டியிடவும் முடிந்தது. அன்றைய மதராஸ் மாகாணத்து மலபாரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வி.கே. கிருஷ்ண மேனன், 1934 முதல் 1947 வரை லண்டனின் செயின்ட் பாங்க்ராஸ் மன்றத்தில் கவுன்சிலர். இந்திய விடுதலைக்காக இரவு பகலாக உழைத்துக்கொண்டிருந்த மனிதர், அந்த வட்டாரத்துக்கு நல்ல நூலகங்கள் வர வேண்டும் என்பதற்கும் நேரம் ஒதுக்கினார்.

மேசையில் உட்காரும் தன்னார்வலர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். பதிவு இணையத்திலேயே சில நிமிடத்தில் முடியும். நேஷனல் இன்சூரன்ஸ் எண் கேட்பார்கள், அது இல்லாத மாணவர்களும் காரணம் எழுதி விண்ணப்பிக்கலாம். வாக்குப்பதிவுக்குப் பன்னிரண்டு வேலைநாள்களுக்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். இதைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். வீடு மாறினால் மறுபடி பதிய வேண்டும். 2023 மே முதல் வாக்குச்சாவடிக்குப் படத்தோடு கூடிய அடையாளச் சான்று வேண்டும், அதற்கு நம் இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டே போதும். காலாவதியாகியிருந்தாலும் படத்தில் ஆள் அடையாளம் தெரிந்தால் ஏற்றுக்கொள்வார்கள். எதுவும் இல்லாத பாட்டி தாத்தாக்களுக்கு இலவசமாகவே ஒரு வாக்காளர் சான்று கிடைக்கும், அதற்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து குடியுரிமையோடு இங்கே வந்து குடியேறிய ஈழத்துக் குடும்பங்களுக்கு விதி வேறு. 2020 முடிவதற்குள் வந்து சட்டப்படி தொடர்ந்து வாழ்பவர்களுக்கு உள்ளாட்சி வாக்கு உண்டு. பின்னால் வந்தவர்களுக்கு எந்த நாட்டுக் குடியுரிமை என்பதைப் பொறுத்தது. இவர்களைத் தனியாகக் கேட்டு வழிகாட்டுங்கள்.

கோயில் குழுவினருக்கு ஒரு தயக்கம் இருக்கும், அரசியல் பேசினால் அறக்கட்டளைப் பதிவுக்குச் சிக்கல் வருமோ என்று. ஒரு கட்சிக்கோ வேட்பாளருக்கோ ஆதரவு கேட்பதுதான் கூடாது. வாக்காளராகப் பதியச் சொல்வதிலும், எல்லா வேட்பாளர்களையும் சமமாக அழைத்துக் கேள்வி கேட்க வைப்பதிலும் தடை இல்லை. யோசித்துப் பாருங்கள், கோயிலுக்குக் கட்டட அனுமதி தருவதும், திருவிழா நாளில் வண்டி நிறுத்தத்துக்கு ஒத்துழைப்பதும், தமிழ்ப் பள்ளிக்கு இடம் வாடகைக்கு விடுவதும், நம் முதியவர்களுக்கு வீட்டுக்கே வந்து உதவும் பராமரிப்பாளரை ஏற்பாடு செய்வதும் பெரும்பாலும் அந்த மன்றம்தான். பல வார்டுகளில் மூன்றில் ஒருவர்தான் வாக்களிக்க வருகிறார். நம் ஒரு விழா அரங்கில் சேரும் கூட்டம் ஒரு வார்டின் முடிவையே மாற்றப் போதுமானதாக இருக்கும்.

யாருக்கு வாக்களிப்பது என்று நான் சொல்ல வரவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். உங்கள் நகரத்தில் அடுத்த நகர மன்றத் தேர்தல் எப்போது என்று முதலில் பாருங்கள். மான்செஸ்டர் போன்ற இடங்களில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு முறைதான், லிவர்பூலில் 2023 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை முழு மன்றத்துக்கும் சேர்த்து நடக்கிறது. தேதி தெரிந்ததும் நாள்காட்டியில் பதிவுக்கான கடைசி நாளைக் குறித்து, அதற்கு முன் வரும் விழாவில் மேசையைப் போடுங்கள். ஒரு மடிக்கணினி, தமிழ் பேசும் இரண்டு தன்னார்வலர்கள், கடவுச்சீட்டைக் கையோடு கொண்டுவரச் சொல்லி அழைப்பிதழில் ஒரு வரி. இவ்வளவு இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்