விசாகப்பட்டினம் அரக்குக்குப் போகும் வழி மட்டுமல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சுற்றுலாப் பக்கத்தில் விசாகப்பட்டினம், அரக்கு பயணக் கட்டுரையைப் படித்தேன். அரக்குப் பள்ளத்தாக்கு, போரா குகை, காபித் தோட்டம், மூங்கில் சிக்கன் என்று மலைப் பகுதியைப் பற்றி நிறைவாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் விசாகப்பட்டினத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு பத்தி. இரவு தங்கி, கடற்கரையில் காலார நடந்துவிட்டு, காலையில் ரயில் ஏறலாம் என்பதோடு சரி. அதன் பக்கத்தில் ஒரு படம். செம்மண் மேட்டின் உச்சியிலிருந்து இரண்டு இளைஞர்கள் சறுக்கி இறங்குகிறார்கள். கீழே 'செல்ஃபி எடுக்க ஏற்ற இடம்' என்று குறிப்பு. இடத்தின் பெயர்கூட இல்லை. அந்தப் படம்தான் என்னை எழுத வைத்தது.

நான் சாத்தான்குளம் பக்கத்துக்காரி. செம்மணல் மேடுகளான எங்கள் தேரிக்காட்டைப் பார்த்து வளர்ந்தவள். தம்பிக்கு விசாகப்பட்டினத்தில் வேலை. தை பிறந்ததும் பிள்ளைகளோடு அங்கே போய்த் தங்கி, ஊரை நிதானமாகச் சுற்றினோம். அரக்குக்குப் போகவே இல்லை. ஊருக்குள் பார்க்க வேண்டியதே அவ்வளவு இருந்தது.

முதலில் ராமகிருஷ்ணா கடற்கரை. விடியற்காலையில் அந்தச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை என்பதால் முழுச் சாலையும் நடப்பவர்களுக்கே. மணலில் ஏற்றி நிறுத்தியிருக்கும் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 1969-ல் சோவியத் நாட்டிலிருந்து நம் கடற்படைக்கு வந்து, 2001 வரை ஓடிய கப்பல் அது. 2002-ல் அருங்காட்சியகம் ஆக்கினார்கள். 91 மீட்டர் நீளம் என்றதும் பெரிதாகத் தோன்றும். உள்ளே போனால்தான் தெரியும். ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு, தலையைக் குனிந்து காலைத் தூக்கி வைத்து, வட்டமான வாசல் வழியாக நுழைய வேண்டும். இரண்டு பக்கமும் குழாய்களும் வால்வுகளும். படுக்கை ஒரு ஆள் புரண்டு படுக்க முடியாத அகலம். வாரக்கணக்கில் வெயிலே படாமல் இதற்குள் மனிதர்கள் வேலை பார்த்திருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தில் டியு-142 விமானம் நிற்கிறது. இது நம் அரக்கோணத்திலிருந்து போனது. ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து இந்தியப் பெருங்கடலைக் கண்காணித்துப் பறந்த விமானம், 2017-ல் ஓய்வு பெற்று, அதே ஆண்டு இங்கே காட்சிக்கு வந்தது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு எழுதும் கட்டுரையில் இதற்கு ஒரு வரி கொடுத்திருக்கலாம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கட்டுரையில் மூங்கில் சிக்கன் மட்டும்தான் இருந்தது. அது மலைச் சாப்பாடு. கடற்கரையில் சாயங்காலம் எங்கே பார்த்தாலும் முரி மிக்சர் வண்டிதான். பொரியைப் பாத்திரத்தில் கொட்டி, பொடியாக நறுக்கிய வெங்காயம், தக்காளி, வறுத்த கடலை, மிளகாய்த் தூள், கொத்தமல்லி எல்லாம் போட்டு, எலுமிச்சையைப் பிழிந்து, டகடகவென்று கிளறிப் பொட்டலத்தில் தருகிறார்கள். கையில் வாங்கியதும் தின்றுவிட வேண்டும், ஐந்து நிமிடம் போனால் பொரி நமுத்துவிடும். பக்கத்திலேயே மிளகாய் பஜ்ஜி. அதை நடுவில் கீறி வெங்காயம் திணித்து எலுமிச்சை விட்டால் அதன் ருசியே வேறு.

மதியச் சாப்பாட்டுக்கு மீன் குழம்பு. நம் பக்கம் தேங்காய் அரைத்து விடாமல் மீன் குழம்பு வைக்க மாட்டோம். அங்கே தேங்காய் கிடையாது. வெங்காயம், மிளகாய், கெட்டியான புளி, அவ்வளவுதான். வஞ்சிரம் அந்தப் புளியில் ஊறி நிற்கிறது. என் அம்மா முதலில் முகம் சுளித்துவிட்டு, அப்புறம் மறுசோறு கேட்டார். தை மாதமானதால் பனங்கிழங்கும் தெருவோரத்தில் கிடைத்தது. நாம் மஞ்சள் போட்டு அவித்துத் தின்பதை அவர்கள் சுட்டு விற்கிறார்கள். லேசான கரிவாசத்தோடு, நார் குறைவாக, உண்மையிலேயே நன்றாக இருந்தது. உடன்குடிப் பக்கம் யாராவது இதைச் செய்து பார்க்கலாம். திரும்பும்போது மாடுகுல அல்வா வாங்கி வந்தோம். கோதுமைப் பாலும் நெய்யுமாகக் கிண்டுவது. திருநெல்வேலிக்காரர்கள் ஒருமுறை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

கடலில் இறங்கிக் குளிப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. ராமகிருஷ்ணா கடற்கரையிலும் யாரடா கடற்கரையிலும் அடி நீரோட்டம் பலமானது. உயிர்ப்பலிகள் நடந்த இடங்கள் அவை. காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று உங்கள் கட்டுரையில் இருந்திருக்க வேண்டும்.

காட்சி என்று பார்த்தால், மலையும் கடலும் இவ்வளவு நெருங்கி நிற்கும் பெரிய ஊர் கிழக்குக் கரையில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. தெற்கே டால்பின் மூக்கு மலை, அதன் மேல் கலங்கரை விளக்கம். துறைமுக வாயிலைப் பார்த்தபடி மூன்று குன்றுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றில் மாதா கோவில், ஒன்றில் தர்கா, ஒன்றில் வெங்கடேசுவரர் கோவில். 1933-ல் திறந்த துறைமுகத்துக்குள் கப்பல்கள் அவற்றைக் கடந்துதான் நுழைகின்றன. வடக்கே கைலாசகிரிக்கு ரோப் கார் இருக்கிறது. மேலே ஏறினால் கடற்கரை வளைந்து வளைந்து பீமிலி என்ற ஊர் வரை போவது தெரியும்.

அந்தக் கடற்கரைச் சாலைதான் விசாகப்பட்டினத்தின் பெரிய சொத்து. டவுன் பஸ்ஸிலேயே போகலாம். வழியில் தொட்லகொண்டா குன்றின் மேல், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பௌத்தத் துறவிகள் வாழ்ந்த விகாரையின் அடித்தளங்களும், பாறையில் வெட்டிய தண்ணீர்த் தொட்டிகளும் இருக்கின்றன. நேர் கீழே மங்கமாரிப்பேட்டைக் கரையில் அலை குடைந்த பாறை வளைவு. சாலையின் முடிவில் பீமிலி. அங்கே டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகள் உண்டு. போரா குகை வழியாக வரும் கோஸ்தனி ஆறு கடலில் சேர்வதும் அங்கேதான்.

பீமிலிக்குச் சற்று முன்னால் இருப்பதுதான் உங்கள் படத்தில் பெயரில்லாமல் வந்த இடம். எர்ரமட்டி திப்பலு என்று சொல்கிறார்கள், செம்மண் மேடுகள். பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். என் ஊர் மண்! அதே சிவப்பு. ஆனால் வடிவம் வேறு. நம் தேரியில் காற்றுதான் சிற்பி. ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று மணலை அள்ளி அள்ளி மேடு கட்டி, மறுபடி கலைக்கும். அங்கே மழை அதிகம் என்பதால் தண்ணீர்தான் செதுக்குகிறது. ஆள் உயரத்துக்கும் மேலே செங்குத்தான சுவர்கள், நடுவில் வளைந்து போகும் ஓடைப் பள்ளங்கள். சுவரில் செங்கல் நிறம், பழுப்பு, சில இடங்களில் வெளிர் மஞ்சள் என்று அடுக்கடுக்காகத் தெரிகிறது. விரலால் லேசாகத் தொட்டேன். மேலே அப்பளம் போல ஒரு மெல்லிய ஓடு, அது உடைந்ததும் உள்ளிருந்து மணல் பொலபொலவென்று கொட்டியது. உடனே கையை எடுத்துவிட்டேன். அந்த ஓடுதான் மேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது.

கடைசிப் பனியுகத்தில் கடல் மட்டம் இப்போதைவிட வெகுவாகக் கீழே இருந்தது. அப்போது வெளியே கிடந்த கடலடி மணலைக் காற்று வாரிக் கரையில் குவித்தது. அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஆக்சிஜன் பட்டுத் துருவேறிச் சிவந்தன. இப்படிப்பட்ட மணல் மேடுகள் தெற்காசியாவில் இங்கும், நம் தேரியிலும், இலங்கையிலும்தான் பதிவாகியிருக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவி மரபுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. 2025 செப்டம்பரில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலிலும் சேர்ந்தது. இவ்வளவும் இருந்தும் 2024-ல் இதை ஒட்டி மண்ணைச் சமன் செய்யும் வேலை நடந்து, உள்ளூர் மக்களும் சூழல் ஆர்வலர்களும் எதிர்த்த பிறகுதான் நின்றது.

ஒரு ஆள் உச்சியிலிருந்து சறுக்கினால் அந்த ஓடு நீளவாக்கில் பிளக்கிறது. அடுத்த மழையில் தண்ணீர் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கும். நான் போன அன்றே அப்படிப்பட்ட தடங்கள் ஏராளம். பிளாஸ்டிக் பாட்டில்களும் கிடந்தன. பத்திரிகையில் படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அதையேதான் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? சொல்லித்தர வேண்டியது நாம்தானே.

அதனால் உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த இதழில் அந்தப் படத்துக்கு இடத்தின் பெயரைப் போட்டு, மேட்டில் ஏறாமல் பள்ளத்து வழியாக மட்டும் நடந்து பார்க்கச் சொல்லி ஒரு குறிப்பு வெளியிடுங்கள்.

இன்னொன்று, நம் தேரியைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை. பனையும் கொல்லாமரமும் உடைமரமும் நிற்கும் அந்த மண்ணில், கற்கால மனிதர்கள் பயன்படுத்திய சின்னஞ்சிறு கல் கருவிகள் கிடைத்திருக்கின்றன. அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலில் சுனை இருக்கிறது, சுற்றிலும் செம்மணல். திருச்செந்தூருக்கு வரும் பக்தர்களில் பெரும்பாலோர் இதைப் பார்க்காமலேயே திரும்புகிறார்கள். புவியியல் படித்தவர்களையும், வனத்துறையினரையும், பனையேறிகளையும் கேட்டு எழுதுங்கள். ஆடி மாதம் வந்தால் மணல் நகர்வதைக் கண்ணாலேயே பார்த்துப் படம் எடுக்கலாம். காயாமொழியிலிருந்து உள்ளே போக வழி இருக்கிறது. கூட வந்து காட்ட நான் தயார்.

இப்படிக்கு,
சாத்தான்குளம் வாசகி